92 ஆ, 95 ஆ? உங்கள் வண்டி கேட்கும் பெற்றோல் எது

கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வீதியொன்றில் எனது கராஜ் இருக்கிறது. பெரிய இடமில்லை. இரண்டு கார் நிறுத்தலாம், ஓரத்தில் நான்கைந்து மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம். முப்பத்தைந்து வருடமாக என்ஜின் வேலைதான் செய்து வருகிறேன். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் வரும். ஒரு காலத்தில் தமிழ் ஊரார் முஸ்லிம் ஊருக்குள் வரவும், முஸ்லிம் ஊரார் தமிழ் ஊருக்குள் போகவும் அஞ்சிய நாட்கள் இருந்தன. இன்று இரு பக்கத்தாரும் ஒரே வாங்கில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு, வண்டி வேலை முடியும் வரை காத்திருக்கிறார்கள்.

அந்த வாங்கில் இருந்தவாறு அதிகம் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "92 அடிக்கிறதா, 95 அடிக்கிறதா?"

சில மாதங்களுக்கு முன் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி ஸ்கூட்டரை சேர்விசுக்குக் கொண்டுவந்தார். யுத்த காலத்தில் கூட்டிச் செல்லப்பட்ட கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை. வீட்டில் தையல் வேலை செய்து, தைத்த உடுப்புகளை அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். ஒரு நாளைக்குச் சராசரியாக 40 கிலோமீற்றர் ஓட்டம். பேச்சோடு பேச்சாக, "நான் 95 தான் அடிக்கிறன் காக்கா. லைன்ல நிண்ட காலத்தில நீங்கதானே சொன்னீங்க, அது என்ஜினுக்கு நல்லமெண்டு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொன்னது உண்மைதான். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு கிடந்தபோது 95 வரிசை சில நாட்களில் கொஞ்சம் குட்டையாக இருக்கும். "அதிலயே நில்லுங்க, எப்படியும் என்ஜினுக்கு நல்லம்" என்று பலருக்கும் சொல்லியிருக்கிறேன். வரிசை முடிந்துபோனது, நான் சொன்ன சொல் மட்டும் அவரிடம் நின்றுவிட்டது. அவருடைய ஸ்கூட்டருக்கு 95 தேவையே இல்லை. அவர் கொடுத்த மேலதிகக் காசு என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கான விலை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

92, 95 என்பவை பெற்றோலின் சக்தியையோ சுத்தத்தையோ சொல்லும் எண்கள் அல்ல. பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை என்ஜினுக்குள் அழுத்தும்போது, பிளக் கொடுத்த நெருப்பு வந்து சேரும் முன்னர் அது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஒக்டேன்.

1920களில் அமெரிக்க இரசாயனவியலாளர் கிரகாம் எட்கர் இதற்கு ஓர் அளவுகோல் அமைத்தார். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும் ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100. சிறிதும் தாங்காத ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0. ஒரு பெற்றோல் 92 என்றால், சோதனை என்ஜினில் அது 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று பொருள். எண் கூடினால் தாங்கும் திறன் கூடுகிறது. ஒரு லீற்றருக்குள் இருக்கும் வெப்பசக்தி அதனால் கூடுவதில்லை.

ஆகவே "95 அடித்தால் வண்டி பறக்கும்" என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. தாங்கும் திறன் தேவைப்படாத என்ஜினுக்கு அந்தத் திறனைக் காசு கொடுத்து வாங்கினால், அது பயன்படாமலேயே புகைக்குழாயால் போய்விடும்.

என்ஜின் தட்டும் சத்தம்

பெற்றோல் என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்துகிறது. சரியான நேரத்தில் பிளக் பொறி கொடுக்கிறது. நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஒக்டேன் போதாவிட்டால், நெருப்பு வந்து சேரும் முன்னரே மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிக்கிறது. அந்த வெடிப்பின் அதிர்வுதான் கராஜ்களில் நாங்கள் "நொக்கிங்" என்று சொல்லும் சத்தம். தகரத்தில் சரளைக்கல் விழுவது போலக் கேட்கும்.

எங்கள் கரையோரம் சமதரை. இங்கே மெதுவாக ஓடும்போது அந்தச் சத்தம் வெளியே தெரியாமல் இருக்கலாம். மகியங்கனையால் கண்டிக்குப் போகும்போது பதினெட்டு வளைவில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, பெரிய கியரில் மிதித்தால் தெரியும். என்ஜினுக்குப் பாரம் கூடக் கூட ஒக்டேனின் தேவையும் கூடுகிறது.

எப்போதாவது ஓரிரு தடவை தட்டினால் என்ஜின் உடைந்துவிடாது. நாள்தோறும் தட்டினால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், ரிங் உடையும், கெஸ்கட் போகும். இன்றைய கார்களில் இந்த அதிர்வைக் கேட்கும் உணரி ஒன்று இருக்கிறது. தட்டும் சத்தம் கேட்டவுடன் பொறி கொடுக்கும் நேரத்தை அது சற்றுப் பின்தள்ளிவிடும். என்ஜின் தப்பிக்கும். ஆனால் இழுவை குறையும், எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடும். பழைய காபரேற்றர் வண்டிகளிலும் சின்ன மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலும் அந்த உணரி கிடையாது. அவற்றுக்கு உங்கள் காதுதான் உணரி.

யுத்தம் கற்றுத்தந்த பாடம்

வடக்கில் இருந்தவர்களுக்கு ஒக்டேனை விளக்கத் தேவையில்லை. அந்தப் பெயர் தெரியாமலே அவர்கள் அதோடு வாழ்ந்தவர்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகவில்லை. கொஞ்சப் பெற்றோலை விட்டு என்ஜினை முடுக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். மொரிஸ், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்கள் அதில் ஓடிக் காட்டின. பின்னால் வெள்ளைப்புகையும் கண்ணெரிவும் வந்தாலும், நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்ணையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டிகள் அவைதான்.

அந்தப் பழைய கார்களால் ஏன் முடிந்தது? மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலை விட மிகக் குறைவு. ஆனால் அந்தக் கால என்ஜின்களின் அழுத்த விகிதம் 7 ஐச் சுற்றித்தான் இருந்தது. அதாவது ஏழு பங்கு இடத்தில் இருந்த கலவையை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினார்கள். இன்றைய கார்களில் அது 10, 11, அதற்கும் மேல். அன்று மண்ணெண்ணெய் குடித்த ஏ40 ஐ நினைத்துக்கொண்டு இன்றைய காருக்கு மண்ணெண்ணெய் கலந்தால் என்ஜின் தாங்காது. எண்ணெயைத் தீர்மானிப்பது என்ஜினின் அழுத்தம் என்ற பாடத்தை எங்கள் மக்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. வாழ்ந்து படித்தார்கள்.

எந்த வண்டிக்கு எது?

முதல் விதி எளிது. வண்டியின் கைநூலைப் பாருங்கள். கைநூல் இல்லாவிட்டால் பெற்றோல் மூடியின் கதவை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே எழுதியிருக்கும். அதில் இருப்பது நண்பரின் ஆலோசனையை விடவும், என்னுடைய ஆலோசனையை விடவும் மேலானது.

*யப்பானில் ஓடி இங்கு வந்த கார்கள்.* எங்கள் வீதிகளில் அதிகம் இருப்பவை இவைதான்: வகன் ஆர், விட்ஸ், அக்சியோ, அக்குவா, பிறியஸ். இவற்றின் மூடியில் யப்பானிய எழுத்தில் இருப்பது புரியாமல் பலர் பயத்தில் 95 அடிக்கிறார்கள். யப்பானின் தர நியமப்படி அங்கே சாதாரண பெற்றோலுக்குக் குறைந்தது 89 ஒக்டேன் இருந்தால் போதும். உயர்ந்த ரகத்தை "ஹைஒக்" என்பார்கள், அதற்குக் குறைந்தது 96. நான் மேலே சொன்ன சாதாரண குடும்பக் கார்கள் அங்கே முதல் ரகத்துக்காகச் செய்யப்பட்டவை. எங்கள் 92 அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருக்கிறது. மூடியில் "ஹைஒக்" என்று குறிப்பிட்டிருக்கும் விளையாட்டு ரகக் கார்களும் சொகுசுக் கார்களும் வேறு கணக்கு. யப்பானிய எழுத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

*ஹைபிரிட் கார்கள்.* அக்குவாவின் அழுத்த விகிதம் 13.4. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "இதற்கு 95 தான்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த என்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதித்து மூடுகிறார்கள். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுவதால் உண்மையில் நெருக்கப்படும் கலவை குறைவு. அதனால்தான் யப்பானில் அது சாதாரண பெற்றோலில் ஓடுகிறது. இங்கே 92 போதும்.

*இந்தியாவிலிருந்து வந்தவை.* பஜாஜ் முச்சக்கர வண்டி, மாருதி அல்டோ, ஹீரோ, ரீவிஎஸ், பல்சர் மோட்டார் சைக்கிள்கள், அநேகமான ஸ்கூட்டர்கள் இதில் அடங்கும். இந்தியாவில் சாதாரண பெற்றோல் 91 ஒக்டேனாக இருந்தது. அதை நம்பிச் செய்த என்ஜின்களுக்கு 92 தாராளம். அந்தத் தங்கச்சியின் ஸ்கூட்டரும் இந்த வகைதான்.

*ஐரோப்பியக் கார்கள்.* பிஎம்டபிள்யூ, பென்ஸ், அவுடி, வொக்ஸ்வாகன், பேஜோ போன்றவை. ஐரோப்பாவில் சாதாரண பெற்றோலே 95 தான். அவற்றின் மூடியில் 95 என்று இருந்தால் 95 அடிக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

*ரேர்போ என்ஜின்கள்.* சிறிய என்ஜினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றிப் பெரிய இழுவை எடுப்பவை. இவற்றில் பலவற்றுக்கு 95 வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். கைநூலைப் பாராமல் முடிவெடுக்க முடியாத வகை இதுதான். எனது ராத்தாவின் மகன் கட்டாரில் உழைத்த காசில் ஒரு ரேர்போ கார் வாங்கினார். மூடியில் 95 என்று தெளிவாக எழுதியிருந்தது. "எல்லாம் ஒரே எண்ணெய்தான் மாமா" என்று ஒரு வருடம் 92 அடித்தார். கண்டிக்குப் போகும்போது கார் இழுக்கவில்லை என்று கொண்டுவந்தார். கணினியைப் பூட்டிப் பார்த்தேன். உணரி பொறி நேரத்தைப் பின்தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. 95 க்கு மாறியபின் அந்தக் குறை இல்லை. அவருக்கு நான் சொன்னதும் அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதும் நேர் எதிரானவை. இரண்டும் சரி, ஏனென்றால் என்ஜின்கள் வேறு.

கைநூலும் இல்லை, மூடியிலும் ஒன்றுமில்லை என்றால் தோராயமான கணக்கு ஒன்று உண்டு. அழுத்த விகிதம் 10 க்குக் கீழ் இருந்து ரேர்போவும் இல்லாவிட்டால் 92. 11 க்கு மேல் என்றாலோ ரேர்போ இருந்தாலோ விசாரித்து அறியும் வரை 95. இடையில் இருந்தால் 92 அடித்து ஏற்றத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். தட்டாவிட்டால் அதுவே போதும். ஹைபிரிட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ரொறன்ரோவில் 87, இங்கே 92

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் உறவுகள் அடிக்கடி குழம்புவது இதில்தான். கனடாவில் பம்பில் 87 என்று இருக்கும். "அங்க 87 அடிச்சே கார் நல்லா ஓடுது, இங்க ஏன் 92?" என்பார்கள். அளக்கும் முறை வேறு. ஒக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று இலகுவான நிலையில், மற்றது கடும் சூட்டிலும் வேகத்திலும். இலங்கை, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகியவை முதல் சோதனையின் எண்ணைப் பம்பில் போடுகின்றன. கனடாவும் அமெரிக்காவும் இரண்டின் சராசரியைப் போடுகின்றன. அதனால் அங்கே 87 என்பது எங்கள் 91, 92 க்குச் சமம். அங்கே 91 என்பது ஏறத்தாழ எங்கள் 95. அவுஸ்திரேலியாவில் இருப்போர் பம்பில் பார்க்கும் 91, 95, 98 எங்கள் அளவுமுறைதான். கனடாவிலிருக்கும் மச்சான் சொல்லும் எண்ணை இங்குள்ள பம்பில் தேட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு ரகத்துக்கும் இடையிலான விலை இடைவெளி எப்போதும் ஒன்றல்ல. விலைச்சூத்திரப்படி மாதந்தோறும் விலை மாறும்போது இடைவெளியும் மாறும். 2022 ஜூன் 26 இல் 92 ரகம் 470 ரூபா, 95 ரகம் 550 ரூபா. இடைவெளி 80. 2023 மார்ச் மாதத்தில் 400 க்கும் 510 க்கும் இடையே 110 ரூபா இடைவெளி இருந்தது. அம்மாத இறுதியில் வந்த திருத்தத்தில் 92 ரகம் 340 ஆகவும் 95 ரகம் 375 ஆகவும் இறங்கி, இடைவெளி 35 ஆகச் சுருங்கியது.

35 ரூபா என்ற சிறிய இடைவெளியையே எடுப்போம்.

தையல் தங்கச்சியின் ஸ்கூட்டர் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் நாளுக்கு 1 லீற்றர். கிழமைக்கு ஆறு நாள், 6 லீற்றர். மேலதிகச் செலவு கிழமைக்கு 210 ரூபா, வருடத்துக்கு 10,920 ரூபா. பிள்ளைகளின் பாடசாலைத் தவணை தொடங்கும்போது கொப்பி, சப்பாத்து, பை வாங்கும் தாய்மாருக்கு அந்தத் தொகை என்னவென்று தெரியும்.

நாளுக்கு 100 கிலோமீற்றர் ஹயர் ஓடும் முச்சக்கர வண்டி, லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றால் 4 லீற்றர். மாதத்துக்கு 26 நாள், 104 லீற்றர். மேலதிகச் செலவு மாதம் 3,640 ரூபா, வருடம் 43,680 ரூபா. இடைவெளி 110 ஆக இருந்த காலத்தில் அதே ஓட்டத்துக்கு மாதம் 11,440 ரூபா. லீசிங் கட்டும் குடும்பத்தில் அது தவணைக் காசில் ஒரு பெரும் பங்கு.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். தாங்கியை வாய்வரை நிரப்பி மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஓடி, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதுங்கள். 92 இல் மூன்று தடவை, 95 இல் மூன்று தடவை. ஒரு தடவை போதாது. காற்று, பாரம், வீதி எல்லாம் கணக்கை மாற்றும். 92 விலை 340, 95 விலை 375 என்றால் 95 தன் காசை மீட்க லீற்றருக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். 92 க்காகச் செய்த வண்டியில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

95 இன் பக்க நியாயம்

95 ஐக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 95 ரகத்தை யூரோ 4 என்ற தரத்தில் விற்கிறது. அந்தத் தரத்தில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் போகக்கூடாது. கந்தகம் குறைந்தால் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்பான் நீண்டகாலம் உழைக்கும், வெளிவரும் காற்றும் கொஞ்சம் சுத்தமாகும். வசதியுள்ளவர் அதற்காக 95 அடித்தால் அது நல்ல காரியம். ஆனால் அது வேறு காரணம். "என்ஜின் பலமாகும்" என்பது காரணமாகாது.

என்ஜினைச் சுத்தமாக வைக்கும் சேர்மானங்களும் ஒக்டேனும் ஒன்றல்ல. பெயரில் "பிரீமியம்" என்று இருந்தாலும் அதன் ஒக்டேன் 92 ஆகவே இருக்கலாம். பெயரைப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 93.5 கிடைக்கும். 95 கேட்கும் காருக்கு ஊரில் 95 இல்லாமல் போனால் கொஞ்சம் 92 அடித்து, பாரம் ஏற்றாமல், மிதிக்காமல் ஓடி, அடுத்த நிலையத்தில் 95 அடித்துக்கொள்ளுங்கள்.

92 க்குரிய வண்டி 92 இல் தட்டினால் உடனே 95 க்கு ஓடாதீர்கள். என்ஜினுக்குள் கரி படிந்திருக்கலாம், பிளக் பிழையாக இருக்கலாம், தண்ணீர் குறைந்து சூடாகலாம், காற்று கூடி எண்ணெய் குறைந்த கலவை போகலாம். 95 அந்தச் சத்தத்தை மூடிவைக்கும், வருத்தத்தை மாற்றாது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காயத்தைப் பாராமல் விடுவது போன்றது அது.

எண்ணை விட முக்கியமானது தரம்

நான் பார்த்த பழுதுகளில் 92 அடித்ததால் வந்தவற்றை விட அழுக்குப் பெற்றோலால் வந்தவை அதிகம். 2022 ஜூன் மாதத்தில் பெற்றோல் 470 ரூபா விற்றபோது மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாதான். ஒகஸ்ட் மாதத்தில்தான் அது 340 ஆனது. அந்த இடைவெளி கலப்படக்காரனுக்குக் கொடுத்த அழைப்பிதழ் போல இருந்தது. போத்தலில் கறுப்புச் சந்தையில் வாங்கி அடித்துவிட்டு, புகையோடும் தட்டும் சத்தத்தோடும் எத்தனையோ வண்டிகள் வந்தன. மண்ணெண்ணெய் கலந்தால் ஒக்டேன் விழும், பிளக் கறுக்கும், என்ஜின் ஒயில் இளகும்.

சந்தேகம் வந்தால் ஒரு சிறு சோதனை. பாடசாலை ஆய்வுகூடத்தில் பாவிக்கும் வெள்ளை வடிதாளில் ஓரிரு துளி பெற்றோலை விட்டு, நெருப்புக்குத் தூரமாகக் காற்றில் பிடியுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடங்களில் ஆவியாகி, கறை வைக்காமல் போய்விடும். எண்ணெய்க் கறை நின்றால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கலாம். மிகச் சிறிய கலப்படத்தை இது காட்டாது, பெரியதைக் காட்டும்.

மாரி மழையிலும் வெள்ளத்திலும் தண்ணீர் கலப்பதும் எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். தண்ணீர் பெற்றோலை விடக் கனம், அடியில் தங்கும். நிரப்பிச் சில நிமிடத்திலேயே வண்டி விக்கி நின்றால் திரும்பத் திரும்ப முடுக்காதீர்கள். தாங்கியிலிருந்து கொஞ்சம் தெளிந்த போத்தலில் எடுத்துப் பாருங்கள். அடியில் வேறொரு படை தெரியும்.

பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். தரத்தில் முறைப்பாடு இருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட அளவுக் கலத்தில் அளந்து காட்டும்படி கேளுங்கள். அளவுக் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். கேட்பது சண்டையல்ல, உரிமை.

சேர்த்து வைக்கும் பழக்கம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடையையும் தட்டுப்பாட்டையும் கண்ட மக்கள் நாங்கள். கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று 2022 இல் கியூஆர் அட்டையில் வாங்கினோம். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. அந்தப் பயம் இன்னும் நெஞ்சில் இருப்பதால் பலர் வீட்டில் கான்களிலும் குளிர்பானப் போத்தல்களிலும் பெற்றோல் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனம். நிலத்தோடு ஊர்ந்து அடுப்படி வரை போகும். மாதக்கணக்கில் வைத்தால் இலேசில் பற்றும் பகுதி ஆவியாகிப்போய், முடுக்கக் கஷ்டமான எண்ணெய்தான் மிஞ்சும். காசும் நட்டம், வீடும் ஆபத்து.

ஒரு பழைய பிழையின் கதை

ஒக்டேனைக் கூட்ட ஒரு காலத்தில் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். 1921 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி அது. மலிவானது, என்ஜின் தட்டுவதும் நின்றது. ஆனால் புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இலங்கை 2002 இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. ஏறத்தாழ நூறு வருடம், "என்ஜினுக்கு நல்லது" என்ற ஒரு சொல்லை உலகில் பலர் நம்பியிருக்கிறார்கள். நான் சொன்ன சொல்லை நம்பிய அந்தத் தங்கச்சியில் என்ன பிழை?

சுருக்கமாக

கைநூலோ மூடியோ 95 என்று சொன்னால் 95 அடியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டாலோ, 91, 92, சாதாரணம் என்று சொன்னாலோ 92 அடியுங்கள். யப்பானிய சாதாரண கார்கள், ஹைபிரிட்டுகள், இந்திய மோட்டார் சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள், முச்சக்கர வண்டிகளில் அநேகமானவற்றுக்கு 92 போதும். ஐரோப்பியக் கார்களுக்கும் பல ரேர்போ கார்களுக்கும் 95. தட்டும் சத்தம் கேட்டால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். மிஞ்சும் காசில் நேரத்துக்கு ஒயில் மாற்றுங்கள், காற்று வடியைத் துப்புரவு செய்யுங்கள், ரயர் காற்றைச் சரிபாருங்கள். என்ஜினுக்கு உண்மையில் நல்லது அதுதான்.

அன்று அந்தத் தங்கச்சிக்கு இந்தக் கணக்கை ஒரு பழைய பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். சேர்விஸ் கூலி வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, காசை வைத்துவிட்டுத்தான் போனார். துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல காக்கா, இனி மிச்சம்தானே" என்றார்.

அடுத்த மாதம் வந்தபோது ஸ்கூட்டர் 92 இல் ஓடியது. ஏற்றிப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.